களிம்பும் கைகளும்: காஞ்சியின் உலோகச் சாமிகளைப் பற்றிச் சில குறிப்புகள்

1

காஞ்சிபுரத்தில் கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் சாமி சிலை வாங்க வருகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள். 'இது பஞ்சலோகமா, பித்தளையா?' என்பது ஒன்று. 'எதப் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு இருக்கும்?' என்பது இன்னொன்று. முதல் கேள்வி மதிப்பைப் பற்றியது, இரண்டாவது உழைப்பைப் பற்றியது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. யார் தேய்ப்பது? வீட்டிலும் கோயிலிலும் அதற்கான விடை முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது என்பதால் அது கேள்வியாகவே தோன்றுவதில்லை. கேள்வியாகத் தோன்றாத இடத்தில்தான் அதிகாரம் வசதியாக உட்கார்ந்திருக்கும் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் உலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெளிவு வேண்டும். நம் வீட்டு பூஜை அலமாரியில் இருப்பது பெரும்பாலும் பித்தளை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கோயிலில் வீதியுலா வரும் பழைய உற்சவர்கள் அப்படியல்ல. பல்லவர், சோழர் காலத் திருமேனிகளில் மிகப் பெரும்பகுதி செம்பு. அதோடு காரீயமும் வெள்ளீயமும் கலந்திருக்கும். துத்தநாகம் கூடுவது பிற்காலத்தில்தான். 'ஐம்பொன்' என்ற சொல்லைக் கேட்டதும் தங்கமும் வெள்ளியும் தாராளமாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சோதித்துப் பார்த்த பழைய சிலைகளில் அவை இருந்தாலும் சிறு சுவடு அளவுக்குத்தான். இன்று சுவாமிமலையில் வார்ப்பவர்களும் செம்பு, பித்தளை, ஈயம் மூன்றையும் உருக்கி, பெயருக்குக் கொஞ்சம் தங்கமும் வெள்ளியும் சேர்க்கிறார்கள். ஆக, ஐம்பொன் என்பது உலோகவியல் சொல் என்பதைக் காட்டிலும் ஒரு நம்பிக்கையின் சொல். அந்த நம்பிக்கை காஞ்சியில் காவல் நிலையம் வரை போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

2

செம்பைப் பற்றிப் பேசினால் களிம்பைப் பற்றிப் பேசாமல் முடியாது. தமிழ் மரபில் களிம்பு வெறும் அழுக்கு அல்ல, அது ஒரு தத்துவச் சொல். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்தை விளக்க எடுத்துக்கொண்ட உவமைகளில் நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் முக்கியமானவை. உமி வெளியிலிருந்து வந்து நெல்லில் ஒட்டிக்கொண்டதல்ல. அதேபோல் களிம்பும் செம்போடு பிறந்தது, தொடக்கம் இல்லாதது. உயிரோடு ஆணவமும் அப்படியே என்பது வாதம். செம்பு தானாகக் களிம்பை நீக்கிக்கொள்ளாது. ரசவாதி வந்து குளிகை இட்டால்தான் நீங்கும். அதாவது தூய்மைக்கு ஒரு குரு தேவை, ஓர் இடைத்தரகர் தேவை.

வேதியியல் சொல்வது வேறு. களிம்பு செம்போடு பிறந்ததல்ல, செம்பு உலகத்தோடு கொண்ட உறவில் பிறந்தது. காற்று, ஈரம், உப்பு, கை வியர்வை, புகை, எண்ணெய் எல்லாம் அதில் பங்காளிகள். களிம்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பழுப்பாக, கறுப்பாக, சில சமயம் கரும்பச்சையாக மெல்லிய, கெட்டியான தோல் போலப் படிவது. அது உலோகத்தைக் காக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தால் உள்ளே இருக்கும் புது உலோகம் மீண்டும் காற்றுக்கு இரையாகிறது. இன்னொன்று வெளிர்பச்சைத் தூளாக, தொட்டால் மாவு மாதிரி உதிர்வது. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் கிடைக்கும்போதெல்லாம் உலோகத்தைக் குழி குழியாகத் தின்னும். அருங்காட்சியகக்காரர்கள் இதை 'வெண்கல நோய்' என்கிறார்கள். மேலே துடைத்தால் இது போகாது. ஈரம் வந்தால் திரும்ப முளைக்கும்.

காக்கிற களிம்பு எது, தின்கிற களிம்பு எது என்று பிரித்தறிவதுதான் பராமரிப்பின் அரிச்சுவடி. ஆனால் 'களிம்பு என்றாலே மலம்' என்ற பார்வைக்கு இந்தப் பிரிவினை தெரியாது. அது எல்லாவற்றையும் தேய்க்கும். தூய்மை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பலவிதமானவற்றை ஒரே அழுக்காகப் பார்ப்பது நம் சமூகத்துக்கு ரொம்பப் பழக்கமான வேலைதானே.

3

தேய்ப்பது என்றால் எப்படி? புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் பொடி, விபூதி, இப்போது டப்பாவில் வரும் பீதாம்பரி போன்ற பொடிகள். புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் மேலே இருக்கும் கறையைக் கரைக்கிறது. அதனால்தான் உடனே பளிச்சென்று ஆகிறது. அமிலம் கறையோடு நிற்பதில்லை. பித்தளையில் இருக்கும் துத்தநாகத்தையும் அது முதலில் இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி புளி போட்ட பித்தளையில் ஆங்காங்கே செக்கச்செவேலென்று திட்டுகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் எஞ்சிய இடங்கள் அவை. சாம்பலும் செங்கல் பொடியும் அரம் மாதிரி வேலை செய்யும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் கழுவிய தண்ணீரோடு போகிறது. சரியாக அலம்பாமல் விட்ட புளி இடுக்குகளில் தங்கி அடுத்த களிம்புக்கு விதை போடுகிறது.

எங்கள் வீட்டில் இருந்த சிறிய பித்தளை அம்மனுக்கு மூக்கு கிடையாது. கண்கள் இரண்டும் லேசான மேடுகள். பாட்டி தேய்த்தது, அம்மா தேய்த்தது. 'பொம்பளைங்க கைபட்டுக் கைபட்டே அவளுக்கு முகம் போயிடுச்சு' என்பார் அப்பா. கையில் புளியைக் கொடுத்தது யார் என்று அவர் சொன்னதில்லை. மாதத்தில் மூன்று நாள் அந்தக் கைகள் அம்மனைத் தொடக் கூடாது. மிச்ச நாளெல்லாம் தேய்க்க வேண்டும். வணங்குவதற்குத் தகுதி கேட்கிற சமூகம், பாத்திரம் தேய்ப்பதற்குத் தகுதி கேட்பதில்லை. சாமியும் பாத்திரமும் ஒரே பித்தளை என்பதால் பெண்ணுக்கு இரண்டு விதிகளும் ஒரே மேசையில் வந்து சேர்கின்றன.

கோயிலில் தேய்மானம் இன்னும் அதிகம். பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள், சந்தனம், பஞ்சாமிர்தம் என்று வரிசையாக அபிஷேகம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அமிலமோ உப்போ சர்க்கரையோ இருக்கிறது. பிறகு ஈரம் காயும் முன்பே பட்டு, நகை, மாலை. பழைய உற்சவர்கள் பலரின் முகம் மழுங்கிப்போனது இப்படித்தான். கலை வரலாற்றுப் புத்தகங்களில் நாம் வியந்து பார்க்கும் கூர்மையான சோழர் கால முகங்களில் பல, மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்து மேலே வந்தவை. வழிபடப்பட்டவை தேய்ந்தன, மறக்கப்பட்டவை பிழைத்தன. இந்த முரண்பாட்டை யோசிக்காமல் 'பக்திதான் சிலைகளைக் காத்தது' என்றோ 'பக்திதான் அழித்தது' என்றோ சொல்வது சுலபம்.

ஆகம மரபுக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். மூலவர், உற்சவர் என்ற பிரிவே உடல்களுக்கிடையே வேலைப் பிரிவினைதான். வைணவ ஆகமங்கள் நீராட்டுக்கென்றே தனியாக ஸ்நபன பேரம் என்ற ஒரு திருமேனியை வைக்கச் சொல்கின்றன. தேய்மானம் எல்லாம் ஒரே உடம்பில் விழாது. திருமலையில் ஆனி மாதத்தில் நடக்கும் ஜ்யேஷ்டாபிஷேகத்தின்போது உற்சவரின் கவசத்தைக் களைகிறார்கள். பிறகு மறுபடி சாத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் திருமஞ்சனத்தால் பழைய திருமேனி தேயாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று கோயிலே காரணம் சொல்கிறது. அதாவது சடங்குக்குள்ளேயே ஒரு பராமரிப்பு அறிவு இருந்திருக்கிறது. நம் காலத்துப் பேச்சில் அந்தப் பகுதி மட்டும் காணாமல் போய், பளபளப்பு மட்டும் தங்கிவிட்டது.

காஞ்சி வரதராஜப் பெருமாளின் உற்சவர் முகத்தில் சிறு சிறு தழும்புகள் இருக்கின்றன. பிரம்மா செய்த வேள்வித் தீயிலிருந்து எழுந்தவர் என்பதால் பட்ட தீத்தழும்புகள் என்று தலபுராணம் விளக்குகிறது. உலோகவியல் தெரிந்தவர் பார்த்தால் இது வார்ப்பில் வந்ததா, காலத்தில் வந்ததா என்று கேட்பார். எனக்கு அதைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இங்கே ஒரு குறை அழிக்கப்படவில்லை. அதற்கு ஒரு கதை கொடுத்து முகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தழும்போடு கூடிய முகம்தான் எங்கள் பெருமாள் என்று ஊர் சொல்கிறது. யாரும் அதை அரம் போட்டுச் சமன் செய்யவில்லை. தேய்க்காமல் விடுவதும் பராமரிப்புதான் என்பதற்கு நம்மூரிலேயே இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

4

இனி கைகள். உலோகத் திருமேனியை முதலில் தொடுவது கம்மாளர். மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்து, உளியாலும் அரத்தாலும் சீவி, கடைசியில் கண் திறப்பது வரை ஒவ்வோர் அங்குலமும் அவர் கை பட்டது. பிறகு தண்ணீரில் கிடத்துவது, தானியத்தில் கிடத்துவது என்று சடங்குகள் தொடங்கும். அவற்றில் ஒரு பங்கு சிற்பியின் தொடுகையால் வந்ததாகச் சொல்லப்படும் தோஷத்தைக் கழிப்பதற்கு. மரியாதை செய்து, வெகுமதி கொடுத்து, சிற்பியை அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் செய்த சாமியை அவர் தொட முடியாது. படைத்தவனின் கையே தீட்டு என்று சொல்லும் இந்தத் தருணத்தில்தான் உழைப்பு தெய்வீகமாக உருமாறுகிறது. வேறு மொழியில் சொன்னால், உழைப்பு அழிக்கப்படுகிறது.

கம்மாளர் இதை வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. கொங்கு நாட்டுச் சோழர் காலக் கல்வெட்டுகளில், நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளவும், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளவும், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் கம்மாளருக்கு உரிமை அளித்த செய்தி இருக்கிறது. உரிமை கொடுக்கப்பட்டது என்றால் அதற்கு முன் மறுக்கப்பட்டிருந்தது என்று பொருள். ஊருக்குக் கோபுரமும் சாமியும் செய்து கொடுத்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வாங்க வேண்டியிருந்தது. இடங்கை, வலங்கைச் சண்டைகளில் கம்மாளர் இடங்கையின் முன்வரிசையில் நின்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்தூர் ஜில்லா அதாலத்தில், தங்கள் சடங்குகளைத் தாங்களே செய்துகொள்ளும் உரிமைக்காகப் பிராமணர்களோடு வழக்காடினார்கள். அதே சமயம் இந்தப் போராட்டத்தின் மொழி 'நாங்களும் பிராமணரே' என்பதாக இருந்ததையும், அந்த மொழிக்குள் தங்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு இடம் இல்லாமல் போனதையும் சொல்லாமல் விடக் கூடாது.

1947இல் வந்த சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிலின் வாசலைத் திறந்தது. கருவறையைத் திறக்கவில்லை. 1970இல் திமுக அரசு அர்ச்சகர் பதவியின் பரம்பரை உரிமையை நீக்கியது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றது. ஆனால் ஆகமப்படி உரிமை இல்லாதவர் தொட்டால் திருமேனி தீட்டுப்படும் என்ற வாதத்தையும் அது அங்கீகரித்தது. ஒரு நவீன அரசியல் சட்டத்தின் நீதிமன்றம் உலோகத்தின் மேல் படும் விரலைப் பற்றித் தீர்ப்பு எழுதியது என்பதைக் கவனியுங்கள். பிறகு 2006இல் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், வழக்குகள். பயிற்சி முடித்த இருநூறுக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் 24 பேர் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். வழக்குகள் அதன் பிறகும் ஓயவில்லை.

இதே காஞ்சி வரதராஜர் கோயிலில் இன்னொரு காட்சியும் உண்டு. பிரகாரத்தில் ஓரிடத்தில் மேற்கூரையில் தங்க முலாம், வெள்ளி முலாம் பூசிய இரண்டு பல்லிகள். மக்கள் வரிசையில் நின்று, படியேறி, கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போகிறார்கள். என்ன சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நெசவாளியும் தொடுகிறார், வெளியூர் பஸ்ஸில் வந்தவரும் தொடுகிறார். அந்தப் பல்லிகளைப் பார்க்கும் கூட்டம் ஏன் அவ்வளவு என்று நான் யோசித்ததுண்டு. பல்லி தோஷம் போகும் என்பது வெளியில் சொல்லும் காரணம். ஒரு கோயிலுக்குள் வழிபடத்தக்க உலோகம் ஒன்றைத் தன் கையால் தொட முடிகிற அபூர்வமான இடம் அது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

5

பராமரிப்பு என்றால் துலக்குவது மட்டுமல்ல. ஒளிப்பதும் பராமரிப்பு. வைகானச நூலான விமானார்ச்சனகல்பம் பகைவர் பயம் வரும்போது திருமேனிகளை மண்ணுக்குள் மறைத்துவைக்கும் முறையைச் சொல்கிறது. 1951 வாக்கில் திருவெண்காட்டில் பூமிக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர் போன்றவை இப்படி மறைக்கப்பட்டு மீண்டவை.

காஞ்சிக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு. 1688இல் மொகலாயப் படைகளும் மராட்டியப் படைகளும் தொண்டை மண்டலத்தில் மோதிய நேரத்தில், காஞ்சியின் முக்கியக் கோயில்களின் திருமேனிகள் ஊரை விட்டு வெளியேறின. பிணம் போலப் பாடையில் வைத்து எடுத்துப் போனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தீட்டுக்கு அஞ்சிப் பாதுகாக்கப்பட்ட சாமி, தீட்டின் உச்சமான பிணமாக வேடம் போட்டுத்தான் தப்பித்திருக்கிறது. வரதர் உடையார்பாளையம் காட்டுக்குப் போனார். 1710இல்தான் திரும்பினார். வரதராஜர் கோயிலில் இருக்கும் கல்வெட்டு இதைச் சொல்கிறது. ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொண்டதன் பேரில் லாலா தோடர்மல் என்பவர் மீட்டுக்கொண்டு வந்தார். திருமேனியைத் திருப்பித் தர உடையார்பாளையத்துப் பாளையக்காரருக்கு மனமில்லை என்றும், தோடர்மல் படை காட்டித்தான் வாங்கி வந்தார் என்றும் வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். தோடர்மல் யார்? மொகலாயப் பேரரசின் கீழ் கர்நாடகத்தை ஆண்ட நவாப் சாதத்துல்லா கானின் அதிகாரி. மொகலாயருக்குப் பயந்து போன சாமி, மொகலாய நவாபின் ஆள் தயவில் திரும்பி வந்தது. இந்துவின் சாமியை முஸ்லிம் உடைத்தான் என்ற ஒற்றை வரிக் கதையாடலை விற்கிறவர்கள் இந்தக் கல்வெட்டின் பக்கம் வராததில் வியப்பில்லை.

அதே பயத்தில் போன பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை. ஊர் ஊராகப் போய்த் தஞ்சாவூரில் தங்கிவிட்டாள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில்தான் சியாமா சாஸ்திரி பிறந்தார். 'பங்காரு' என்றால் தெலுங்கில் தங்கம். ஆனால் தஞ்சையில் பார்க்கிறவர்களுக்கு அவள் கறுப்பாகத்தான் தெரிவாள். புனுகு பூசுகிறார்கள். வழியில் யாருக்கும் தங்கம் என்று தெரியக் கூடாது என்று தொடங்கியது இது என்று சொல்வார்கள். பளபளப்பு ஆபத்து, கறுப்பு பாதுகாப்பு என்று உணர்ந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

கறை வேறு விதத்திலும் காக்கும். தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் ஒருவர் கடத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில் இடிந்துகிடந்த பத்தூர் கோயில் ஒரு சட்ட நபராக வாதாடியது. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் அரித்த தடங்களும் ஆராயப்பட்டன. 1988இல் கீழ் நீதிமன்றத்திலும் 1991இல் மேல்முறையீட்டிலும் கோயில் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டே நடராசர் இந்தியா திரும்பினார். யாராவது பக்தியோடு புளி போட்டுத் தேய்த்துக் கரையான் மண்ணையெல்லாம் கழுவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அழுக்கு சாட்சி சொன்னது. சுத்தம் எல்லாச் சமயத்திலும் சாட்சி சொல்லாது.

இதற்கு மறுபக்கம் அருங்காட்சியகம். காஞ்சிக்கு வடக்கே இருக்கும் கூரம் கிராமத்து நடராசர், கால் தூக்கி ஆடும் பல்லவர் பாணித் திருமேனி, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். 1930இல் அந்த அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக்கூடம் தொடங்கியது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்பகுப்பு முறையில் அரித்துப்போன வெண்கலங்களை மீட்கும் வேலையைச் செய்தார். தமிழ் அறிவுலகம் அதிகம் பேசாத பெயர் அது. சென்னை நடராசரின் புகைப்படங்களைப் பார்த்தே ரோடான் 1913இல் எழுதிய கட்டுரையை நாம் நூறு முறை குறிப்பிட்டிருக்கிறோம். அந்த வெண்கலங்களின் நோய்க்கு வைத்தியம் பார்த்தவரை எத்தனை பேர் குறிப்பிட்டோம்? அழகைப் பற்றிப் பேசுகிறவருக்குக் கிடைக்கும் இடம், பராமரிக்கிறவருக்குக் கிடைப்பதில்லை. இது சாதியின் தர்க்கம் மட்டுமல்ல, நம் விமர்சன மரபின் தர்க்கமும்கூட.

கண்ணாடிக்குள் கூரத்து நடராசர் பத்திரமாக இருக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே தொடுகை முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டது. கோயில் சில கைகளை மட்டும் அனுமதிக்கிறது, அருங்காட்சியகம் கையுறையை மட்டும் அனுமதிக்கிறது. இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. திருட்டுக்கு அஞ்சி, பாதுகாப்பில்லாத கிராமக் கோயில்களின் திருமேனிகளை அறநிலையத்துறை தன் பாதுகாப்பு மையங்களில் அடைத்து வைத்திருக்கிறது. திருவாரூர் மையத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில். கொள்ளை பொய்யல்ல. 2006இல் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றார், 2014இல்தான் திரும்பினார். ஆனால் பூட்டிய அறைக்கு உள்ளேயும் ஈரம் வரும், உப்பு வரும், களிம்பு வரும். யாரும் பார்க்காத இடத்தில் வெண்கல நோய்க்கு வசதி அதிகம்.

6

இப்போது முன்பு சொன்ன காவல் நிலையக் கதை. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பழைய சோமாஸ்கந்தர் உற்சவர் சேதமடைந்துவிட்டார் என்று காரணம் சொல்லி, 2010களின் நடுவில் புதிய திருமேனி ஒன்று வார்க்கப்பட்டது. அதற்கென்று பக்தர்களிடமிருந்து தங்கம் பெறப்பட்டது. அந்தத் தங்கம் சிலையில் சேரவே இல்லை என்று புகார் எழுந்து, 2017இல் வழக்குப் பதிவானது. நிபுணர்களின் சோதனையில் புதிய சிலையில் தங்கம் காணப்படவில்லை என்று சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு சொன்னது. 2018இல் அறநிலையத்துறை உயர் அதிகாரி ஒருவர் உட்படச் சிலர் கைதானார்கள். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை.

என் கவலை வேறு. ஓர் உற்சவர் தேய்ந்துவிட்டார், சேதமாகிவிட்டார் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எந்தப் பதிவேட்டைப் பார்த்து? பத்து வருடத்துக்கு முன் அவர் எப்படி இருந்தார் என்று காட்ட ஒரு படம், ஓர் எடை, ஓர் அளவு ஊருக்குத் தெரியுமா? ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த திருமேனிகளை, பாதாதிகேசம் எத்தனை விரல், கை எத்தனை, கனமானதா பொள்ளலானதா, நகை எத்தனை கழஞ்சு என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளின் கணக்கு அது. இன்று எஞ்சியவை ஒரு சிலவே. ஆனால் எவை காணாமல் போயின என்றாவது நமக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கு அரச அதிகாரத்தின் பெருமைக்காக எழுதப்பட்டதுதான். இருந்தாலும் யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி சுவரில் இருந்தது. இன்றைய பதிவேடு அலமாரியில் இருக்கிறது.

வார்ப்பு நடக்கும்போது பெண்கள் காதுத் தோட்டைக் கழற்றி, தாலிக்குண்டைப் பிரித்து உலைக்குள் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பணக் கணக்கு அல்ல என்று. தொட முடியாத சாமிக்குள் தன் உடம்பில் கிடந்த ஒன்று போய்ச் சேரட்டும் என்கிற ஆசை அது. அந்தத் தங்கம் திருடுபோயிருந்தால், களவு போனது கிராம் கணக்கு மட்டுமல்ல.

7

'சரி, என்னதான் செய்யணும்?' என்று கேட்கிற வாசகருக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சிலைக்கு: தினமும் தேவை உலர்ந்த பருத்தித் துணியும், இடுக்குக்கு ஒரு மெல்லிய தூரிகையும் மட்டும்தான். புதிய பித்தளையை எப்போதாவது லேசான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். கழுவினால் உப்பில்லாத நல்ல தண்ணீரில் அலசி, இடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். புளி, எலுமிச்சை, சாம்பல், அரப்புப் பொடி எதுவும் பழைய சிலைக்கு வேண்டாம். அபிஷேகம் செய்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று புதிதாக ஒரு சின்னச் சிலை போதும், ஆகமமே அந்த வழியைக் காட்டியிருக்கிறது. வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அதைச் சுரண்டாமல், மற்றவற்றிலிருந்து தள்ளி உலர்ந்த இடத்தில் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். நாலு பக்கமும் படம் எடுத்து, எடையும் உயரமும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து கோயில் கோயிலாக எடுத்துவைத்த புகைப்படங்கள்தான் பின்னாளில் திருட்டுப்போன பல சிலைகளை அடையாளம் காட்டின என்பதை மறக்க வேண்டாம்.

இதெல்லாம் காஞ்சிக்குப் புதிதல்ல. பட்டுப் புடவையைப் பருத்தி வேட்டியில் சுற்று, ஈரத்தோடு மடிக்காதே, சரிகையில் வாசனைத் தண்ணீர் படாமல் பார், மடிப்பை மாற்றி மாற்றி வை என்று நெசவாளர் வீட்டுப் பெண்கள் சொல்லாத நாளில்லை. சரிகை என்பது பட்டு நூலின் மேல் சுற்றிய, முலாம் பூசிய வெள்ளி. அதுவும் உலோகம்தான், அதுவும் கறுக்கும். உலோகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற அறிவு இந்த ஊரில் தறிக்குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அறிவு கோயில் மதிலைத் தாண்டி உள்ளே போனதில்லை.

கோயிலுக்கு: ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் உற்சவரையும் கவசம் களைந்து, எடை போட்டு, அளந்து, படமெடுத்துப் பதிய வேண்டும். அப்போது வார்ப்புத் தொழில் தெரிந்தவரும் வேதியியல் தெரிந்தவரும் பக்கத்தில் நின்று, தொட்டுப் பார்க்க வேண்டும். எட்டி நின்று பார்த்து உலோகத்தின் நோயைச் சொல்ல எந்த வைத்தியனாலும் முடியாது. பதிவேட்டை ஊர் பார்க்கும்படி வைக்க வேண்டும். எல்லாச் சாதியிலிருந்தும் அர்ச்சகராகப் பயில வருகிற பிள்ளைகளுக்கு மந்திரத்தோடு செம்பும் ஈயமும் துத்தநாகமும் பாடமாக இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. தடையாக நிற்பது பணமல்ல, தீட்டு. வார்த்தவரின் கை மறுபடி திருமேனியில் படக் கூடாது என்கிற ஏற்பாடு இருக்கும்வரை, சாமிக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் மதிலுக்கு வெளியேதான் நிற்பார். உள்ளே, தெரியாதவர்கள் பக்தியோடு தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.